ஆய்வேட்டை முதலில் கிராம சபையில் படியுங்கள்

குடிமைத் தலைமை, ஊரக வளர்ச்சி, பன்னாட்டு வளர்ச்சியியல் ஆகிய படிப்புகளுக்குப் பாடத்திட்டம் வகுக்கும் பேராசிரியர்களுக்கு,



ஊராட்சித் தலைவர்களுக்கும் வார்டு உறுப்பினர்களுக்கும் பயிற்சி நடத்துவது என் வேலை. உங்கள் மாணவர்களை நான் வகுப்பறையில் பார்த்ததில்லை. ஊராட்சி அலுவலகத் திண்ணையிலும் நூறு நாள் வேலை நடக்கும் ஏரிக்கரையிலும் பார்த்திருக்கிறேன். கையில் வினாப்பட்டியலோடு வருகிறார்கள், வெயிலைப் பொருட்படுத்தாமல் வீடு வீடாகப் போகிறார்கள், கொடுத்த மோரைக் குடித்துவிட்டு மரியாதையாகப் பேசுகிறார்கள். நல்ல பிள்ளைகள். அவர்களுக்காகவும் அவர்கள் வந்துபோகும் ஊர்களுக்காகவும் இந்த மடலை எழுதுகிறேன்.

நான் கேட்பது ஒன்றுதான். ஓர் ஊரில் ஆய்வு செய்யும் மாணவர், தம் அறிக்கையைத் துறையில் சமர்ப்பிக்கும் முன், அதன் சாரத்தை அந்த ஊரின் கிராம சபையில் தமிழில் படித்துக் காட்ட வேண்டும். அங்கே எழும் மறுப்பையும் திருத்தத்தையும் எழுதி அறிக்கையோடு இணைக்க வேண்டும். அதற்குப் பிறகே மதிப்பெண். இதை நல்லெண்ண ஆலோசனையாக விடாமல் பாடத்திட்டத்தில் விதியாக எழுதுங்கள்.

ஏன் என்று சொல்கிறேன். சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு இந்தத் துறையில் நூறாண்டு தாண்டிய வரலாறு உண்டு. 1915இல் இந்தியப் பொருளியலின் முதல் பேராசிரியராக கில்பர்ட் ஸ்லேட்டர் இங்கே வந்தார். அதற்கு முன் ஆக்ஸ்ஃபோர்டில் தொழிலாளர்கள் படிப்பதற்காக நடந்த ரஸ்கின் கல்லூரிக்கு முதல்வராக இருந்தவர். 1916இல் தம் மாணவர்களிடம் ஒரு வினாப்பட்டியலைக் கொடுத்து, அவரவர் சொந்த ஊரைப் பற்றி எழுதிவரச் சொன்னார். நிலம் யாரிடம் இருக்கிறது, கூலி எவ்வளவு, கடன் யாரிடம் வாங்குகிறார்கள், கிணறு எத்தனை, மாடு எத்தனை என்று மாணவர்கள் கேட்டு எழுதினார்கள். இருவேல்பட்டு, தூசி, கங்கைகொண்டான், வடமலாபுரம், பாலக்குறிச்சி போன்ற ஊர்கள் அப்படித்தான் ஏட்டில் ஏறின. 1918இல் அது புத்தகமாக வந்தது.

அதோடு நிற்கவில்லை. 1930களில் பி.ஜே. தாமஸும் கே.சி. ராமகிருஷ்ணனும் அதே ஊர்களுக்கு மறுபடியும் ஆள் அனுப்பி, 1940இல் மறு ஆய்வை வெளியிட்டார்கள். 1980களில் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தின் எஸ். குகனும் உடனிருந்தவர்களும் போனார்கள். இருவேல்பட்டுக்கு 2008இல் ஜான் ஹாரிஸ், ஜெ. ஜெயரஞ்சன், கே. நாகராஜ் மூவரும் போய்ப் பார்த்தார்கள். நிலக்கிழார்களின் பிடி தளர்ந்ததையும், வயலுக்கு வெளியே வேலை தேடிப் போவது பெருகியதையும் ஒரே ஊரின் 92 ஆண்டுக் கதையாக அவர்களால் சொல்ல முடிந்தது. உலகில் மிகச் சில இடங்களுக்கே இப்படியொரு தொடர்ச்சி வாய்த்திருக்கிறது. வெளிநாட்டுப் பாடநூலிலிருந்து எடுத்துக்காட்டு தேடும் ஆசிரியர்கள், தங்கள் துறையின் சொந்தச் சொத்தாகிய இதை முதல் பருவத்திலேயே நடத்த வேண்டும் என்பது என் ஆசை.

அந்தப் பெரும்பணியிலும் ஒரு குறை இருந்தது. 1916இல் கல்லூரி வாசலை மிதித்தவர்களில் மிகப் பெரும்பாலோர் மேல்சாதி, நிலவுடைமைக் குடும்பத்துப் பிள்ளைகள். சொந்த ஊர் என்றாலும் சேரிக்குள் போய் உட்கார்ந்து பேசும் பழக்கம் அவர்களுக்கு எங்கிருந்து வந்திருக்கும்? எழுதியது ஆங்கிலத்தில். கூலி எவ்வளவு என்று யாரைப் பற்றி எழுதினார்களோ, அவர் அதைக் கேட்டு "இது தப்பு சாமி, எனக்கு இவ்வளவு கொடுக்கவில்லை" என்று சொல்ல வழி இருக்கவில்லை. அந்த நாளில் அதைக் கேட்கத்தக்க ஒரு சபையும் சட்டத்தில் கிடையாது. இன்று இருக்கிறது. ஆனாலும் நம் மாணவர்களின் அறிக்கைகள் 1916இல் போன திசையிலேயே போய்க்கொண்டிருக்கின்றன.

பயிற்சிக்கு வந்த வார்டு உறுப்பினரான ஒரு அம்மா என்னிடம் கேட்டதை இங்கே எழுதியாக வேண்டும். "ஏம்ப்பா, வருஷாவருஷம் காலேஜ் புள்ளைங்க வந்து ஒரே கேள்வியைக் கேக்குதுங்க. கக்கூஸ் இருக்கா, தண்ணி எத்தனை கொடம், வூட்டுக்காரரு குடிக்கிறாரான்னு. எல்லாத்தையும் சொல்லிட்டோம். போன வருஷம் எழுதிக்கிட்டுப் போனதை ஒரு காப்பி குடுத்தா, பஞ்சாயத்துல காட்டி நாங்களே கேட்டுப்போம்ல?" அந்த ஊரில் எத்தனை வீட்டுக்குக் குழாய் வரவில்லை என்ற கணக்கு ஏதோ ஒரு துறை நூலகத்தில் கறுப்பு அட்டைக்குள் இருக்கிறது. ஊராட்சியில் இல்லை. அந்த அம்மா கேட்டது தானமில்லை, தன் ஊரின் கணக்கு.

ராபர்ட் சேம்பர்ஸின் பெயர் உங்கள் பாடத்திட்டங்களில் எல்லாம் இருக்கிறது. அவருக்கும் நமக்கும் உள்ள உறவு மாணவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். 1970களில் கேம்பிரிட்ஜ் அறிஞர்களும் சென்னை அறிஞர்களும் சேர்ந்து வட ஆர்க்காடு மாவட்டத்திலும் இலங்கையிலும் பசுமைப் புரட்சியை ஆராய்ந்தபோது, அந்தக் குழுவில் அவரும் ஒருவர். பிறகு 1983இல் வெளிவந்த அவருடைய நூல், நகரத்திலிருந்து வருகிறவர் கண்ணில் வறுமை ஏன் படுவதில்லை என்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்தது. தார்ச்சாலை ஓரத்து வீடுகளையே பார்ப்பார்கள், திட்டம் நடந்த ஊருக்கே போவார்கள், ஆண்களோடும் வசதியானவர்களோடும் பேசுவார்கள், மழை விட்ட பிறகே வருவார்கள். நம் துறைகள் பலவற்றில் களப்பயணம் பொங்கலை ஒட்டிய மாதங்களில் அமைகிறது. கதிர் அறுத்து, கையில் கொஞ்சம் காசு புழங்கும் காலம் அது. ஐப்பசி மழையில் கூரை ஒழுகி, வேலையில்லாமல், குழந்தைக்குக் காய்ச்சல் கண்டிருக்கும் வீட்டை அந்தப் பிள்ளைகள் பார்ப்பதே இல்லை.

சேம்பர்ஸ் வழிவந்த பங்கேற்பு மதிப்பீட்டு முறையை மாணவர்கள் ஆர்வத்தோடு செய்கிறார்கள். தெருவில் கோலப்பொடியால் ஊரை வரையச் சொல்கிறார்கள், பெண்கள் குனிந்து உட்கார்ந்து ஏரியும் கோயிலும் காலனியும் போடுகிறார்கள், சிரிப்பும் சண்டையுமாக அருமையாக நடக்கிறது. சாயங்காலம் அதை சார்ட்டில் பிரதி எடுத்துச் சுருட்டிக்கொண்டு பஸ் ஏறிவிடுகிறார்கள். வரைந்தவர்களிடம் ஒரு பிரதியும் தங்குவதில்லை. அந்த முறையின் உயிரே வரைபடம் ஊராரிடம் இருப்பதுதான் என்று வகுப்பில் நடத்திவிட்டு, களத்தில் இப்படிச் செய்ய விடலாமா?

பக்கத்து மாநிலத்தில் வேறு மாதிரி நடந்தது. கேரளத்தில் சாஸ்திர சாகித்ய பரிஷத் தொண்டர்கள் 1990களின் தொடக்கத்தில், புவி அறிவியல் ஆய்வு மைய அறிஞர்களோடு சேர்ந்து ஊராட்சிகளுக்கு வள வரைபடம் போட்டார்கள். கண்ணூர் மாவட்டத்துக் கல்லியாச்சேரி அதற்கு முன்மாதிரி. 1996இல் மக்கள் திட்ட இயக்கம் தொடங்கி, மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 விழுக்காடு உள்ளாட்சிகளுக்கு என்று ஆனபோது, ஒவ்வோர் ஊராட்சியும் தன் வரலாறு, வளம், குறை எல்லாவற்றையும் மலையாளத்தில் ஒரு வளர்ச்சி அறிக்கையாக அச்சிட்டது. கிராம சபை கூடியது, அதற்குப் பிறகு கருத்தரங்கு, அதற்குப் பிறகு திட்டம். ஆசிரியர்கள், ஓய்வுபெற்ற பொறியாளர்கள், கல்லூரிப் பிள்ளைகள் எல்லாரும் அதில் உழைத்தார்கள். எல்லா ஊரிலும் ஒன்றுபோல் சிறப்பாக நடந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் எழுதியவர்கள் யாருக்காக எழுதினார்கள் என்பதில் அங்கே குழப்பம் இருக்கவில்லை. பன்னாட்டு வளர்ச்சியியல் படிக்கும் மாணவர்கள் உலகம் முழுவதிலுமிருந்து அதைப் பார்க்க வந்தார்கள்.

நம்மிடமும் அந்தத் தெம்பு இருந்திருக்கிறது. புதுக்கோட்டை அறிவொளி இயக்கத்தில் ஆயிரக்கணக்கான பெண்கள் எழுதப் படிக்கக் கற்றதோடு சைக்கிளும் ஓட்டக் கற்றார்கள். 

காந்திகிராமத்தைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. 1947இல் டாக்டர் டி.எஸ். சௌந்திரமும் ஜி. ராமச்சந்திரனும் சின்னாளபட்டி அருகே அதைத் தொடங்கினார்கள். 1956இல் கிராமிய உயர்கல்வி நிறுவனம் அங்கே வந்தது, 1976இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஆயிற்று. படிப்பும் ஊர்ப்பணியும் வேறு வேறாக இருக்கக் கூடாது என்பதுதான் அதன் அடித்தளம். அங்கே எழுந்த சாந்தி சேனையும் மாணவர்கள் ஊரில் போய்த் தங்கும் வழக்கமும், நம் நாட்டில் குடிமைத் தலைமை என்ற சொல் புழக்கத்துக்கு வருமுன்பே அந்த வேலையைச் செய்தவை. 1969இல் 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களோடு நாட்டு நலப்பணித் திட்டம் தொடங்கியது. இன்று இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரப் பணி, ஏழு நாள் முகாம் என்று அது ஊன்றி நிற்கிறது. முகாமில் பிள்ளைகள் கோயில் வளாகத்தைக் கூட்டுகிறார்கள், மரம் நடுகிறார்கள், விழிப்புணர்வு ஊர்வலம் போகிறார்கள். உடம்பு வணங்கி வேலை செய்வது நல்லதே. ஆனால் அந்தக் குப்பை ஏன் அங்கே சேர்ந்தது, தூய்மைக் காவலர்களுக்கு எத்தனை மாதம் சம்பளம் பாக்கி, அதற்கான பணம் எந்தக் கணக்கில் வருகிறது என்ற கேள்வி முகாமில் எழுவதில்லை. அதைக் கேட்கத் தெரிந்த பிள்ளையைத்தான் நான் தலைமைக்குப் பயின்ற பிள்ளை என்பேன்.

அதைக் கேட்க இடம் இருக்கிறது. 73ஆவது அரசியல் சட்டத் திருத்தம் 1993 ஏப்ரல் 24 அன்று நடைமுறைக்கு வந்தது. அதன்படி ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயருள்ள எல்லாரும் கிராம சபையின் உறுப்பினர்கள். தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. 500 பேர் வரை உள்ள ஊராட்சியில் 50 பேர் வர வேண்டும், 10,000 பேருக்கு மேற்பட்டதில் 300 பேர். வரவு செலவுக் கணக்கை படிவம் 30இல் படித்துக் காட்டி ஒப்புதல் பெற வேண்டும். வீட்டு வரி, குடிநீர்க் கட்டணம், தொழில் வரி, மாநில நிதிக்குழு மானியம், மத்திய நிதிக்குழு மானியம் என்று வரவும், தெருவிளக்கு மின்கட்டணம், மேல்நிலைத் தொட்டிப் பராமரிப்பு, பிளீச்சிங் பவுடர் என்று செலவும் அதில் இருக்கும். முதுகலை படிக்கும் மாணவரிடம் இந்தத் தாளைக் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். நிலைத்த வளர்ச்சி இலக்குகள் பதினேழையும் மனப்பாடமாகச் சொல்பவர் இதில் திணறுவார். அவர் தவறில்லை, யாரும் சொல்லித்தரவில்லை. எட்டாம் வகுப்பு படித்த வார்டு உறுப்பினர் ஒருவர் இரண்டே கூட்டத்தில் அதைக் கற்றுக்கொண்டு, தொட்டி கழுவாமலே கழுவியதாகச் செலவு எழுதியிருப்பதைக் கண்டுபிடித்ததைப் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று. தேர்தல் நடக்காவிட்டாலும் கிராம சபை உண்டு. 2016 முதல் 2019 வரை தமிழ்நாட்டில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சிகளே இல்லை, தனி அலுவலர்கள் நடத்தினார்கள். 2019 டிசம்பரில் 27 மாவட்டங்களில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5இல் முடிந்ததும் மறுபடி தனி அலுவலர்கள் வந்தார்கள். தலைவர் இல்லாத அந்த நாட்களில்தான் ஊர்க்காரர்களுக்குத் தகவல் தெரிந்த ஒரு துணை அதிகம் தேவைப்பட்டது. உங்கள் மாணவர்களின் அறிக்கை அப்போது சபையில் இருந்திருந்தால் எவ்வளவு பயன்பட்டிருக்கும்!

இனி, கொஞ்சம் கடினமான விஷயம். தலைமைப் பண்பு என்று உங்கள் பாடங்கள் பேசும்போது பேச்சுத்திறன், குழு மேலாண்மை, தன்னம்பிக்கை என்றே பெரும்பாலும் போகின்றன. மேலவளவு ஊராட்சி தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டபின் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முருகேசன், 1997 ஜூன் 30 அன்று பஸ்ஸில் வரும்போது வழிமறித்து வெட்டிக் கொல்லப்பட்டார். உடன் வந்தவர்களும் கொல்லப்பட்டார்கள். அதேபோல் ஒதுக்கப்பட்ட பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டக்கச்சியேந்தல் ஊராட்சிகளில் பத்தாண்டுகள் தேர்தலை ஒழுங்காக நடத்த முடியவில்லை. 2006இல்தான் முறையாக நடந்தது. அந்த ஊர்களில் வேட்புமனுவில் கையெழுத்துப் போட்டவர்களுக்கு எந்தப் பல்கலைக்கழகமும் சான்றிதழ் கொடுக்கவில்லை. 2016 திருத்தத்தால் இன்று பாதி இடங்கள் பெண்களுக்கு. நாற்காலியில் உட்கார முடியாமல் போன தலைவர்களையும், கணவர் பேசும்போது பக்கத்தில் தலைகுனிந்து நின்றிருந்து, மூன்றாம் ஆண்டில் எழுந்து தானே தீர்மானம் வாசித்த பெண்களையும் எனக்குத் தெரியும். இவர்கள் உங்கள் வகுப்புக்கு விருந்தினராக ஒரு மணி நேரம் வந்து போனால் போதாது. ஒரு பருவம் முழுதும் மாணவர் இவர்கள் பின்னால் நடக்க வேண்டும்.

உங்கள் தரப்பில் என்ன சொல்வீர்கள் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் சிலரிடம் பேசியிருக்கிறேன். கிராம சபையில் சச்சரவு வரும், மாணவருக்கு, குறிப்பாக மாணவிக்கு, பாதுகாப்பு யார் பொறுப்பு என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அதனால்தான் மாணவரைத் தனியே அனுப்பாமல் ஆசிரியர் ஒருவர் உடன் வர வேண்டும் என்கிறேன். கட்சி அரசியலில் மாட்டிக்கொள்வோம் என்பீர்கள். பெயர்களைச் சொல்லாமல், தொகுத்த எண்ணிக்கையைப் படித்தால் அந்த ஆபத்து பாதி குறையும். யார் வீட்டில் என்ன என்று சொல்வது ஆய்வு நெறிக்கும் விரோதம். கிராம சபை பல ஊர்களில் பதினைந்து நிமிடத்தில் கையெழுத்து வாங்கிக் கலைந்துவிடுகிறதே என்பீர்கள். உண்மைதான். பேச ஒரு விஷயம் இருந்தால் கூட்டம் தங்கும். தன் தெருவில் எத்தனை பிள்ளைகள் எட்டாம் வகுப்போடு நின்றன என்று ஒருவர் எழுந்து படித்தால் அந்தத் தெரு எழுந்து போகாது.

இதற்கு முன்மாதிரியும் இருக்கிறது. ராஜஸ்தானில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் 1994இல் தொடங்கிய மக்கள் விசாரணைகளில், வேலைக் கணக்கின் கூலிப்பட்டியலை ஊர் நடுவே உரக்கப் படித்தார்கள். செத்தவர் பெயரிலும் ஊரை விட்டுப் போனவர் பெயரிலும் கூலி எழுதியிருந்தது அங்கேயே வெளிப்பட்டது. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005இல் வந்ததற்கு அந்த விசாரணைகள் ஒரு பெரிய காரணம். அதே ஆண்டு வந்த வேலை உறுதிச் சட்டத்தின் 17ஆம் பிரிவு சமூகத் தணிக்கையை கிராம சபையின் கையில் கொடுத்தது. ஒருங்கிணைந்த ஆந்திரத்தில் 2006 முதல், உழைக்கும் குடும்பத்து இளைஞர்களைப் பயிற்றுவித்து, ஆவணங்களைச் சரிபார்த்து ஊர்க்கூட்டத்தில் படிக்கும் முறையை வழக்கமாக்கினார்கள். பள்ளிப் படிப்போடு நின்ற இளைஞரால் இது முடிந்தது என்றால், முதுகலை மாணவரால் முடியாதா?

வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களோடு ஒப்பந்தம் போடும் துறைகளுக்குத் தனியே ஒரு வேண்டுகோள். கோடையில் அந்நாட்டு மாணவர்கள் இரண்டு வாரம் வருகிறார்கள். நெறிக்குழுவின் அனுமதிப் படிவம், ஒப்புதல் கையெழுத்து எல்லாம் ஒழுங்காக வாங்குகிறார்கள். கண்டதை ஊருக்குத் திருப்பிச் சொல்வது மட்டும் மின்னஞ்சலில் சுருக்கம் அனுப்புவதோடு முடிந்துவிடுகிறது. ஒப்பந்தத்திலேயே ஒரு வரி சேர்க்கலாம்: அறிக்கையின் தமிழ்ச் சாரம் அந்த ஊராட்சிக்குச் சேரும் வரை படிப்புக்கான மதிப்பெண் வழங்கப்படாது. மால்கம் ஆதிசேஷய்யா யுனெஸ்கோவின் துணைத் தலைமை இயக்குநராக இருந்துவிட்டுத் திரும்பி, 1971இல் தம் சேமிப்பைக் கொண்டு சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தைத் தொடங்கினார். உலகத்தோடு பழகிய அறிவு இந்த ஊர்களுக்குப் பயன்பட வேண்டும் என்று எண்ணியவர் அவர். அந்த மரபில் வந்த துறைகள் இந்த நிபந்தனையை வெளிநாட்டாரிடம் கேட்கத் தயங்க வேண்டியதில்லை.

நடைமுறைக்கு இப்படி யோசித்துப் பாருங்கள். ஒரு துறை, நடந்தோ பஸ்ஸிலோ போய்வரக்கூடிய தொலைவில் நான்கைந்து ஊராட்சிகளை எடுத்துக்கொண்டு, குறைந்தது பத்தாண்டுகள் அவற்றையே பற்றி நிற்கட்டும். ஆண்டுதோறும் புது ஊர் தேடுவதை விட்டுவிடலாம். முதல் ஆண்டு மாணவர் ஊராட்சிச் செயலரோடும் டேங்க் ஆபரேட்டரோடும் அங்கன்வாடிப் பணியாளரோடும் சுற்றி, படிவம் 30ஐயும் தீர்மானப் புத்தகத்தையும் படிக்கக் கற்கட்டும். ஆய்வுக் கேள்வியை இரண்டாம் ஆண்டில், ஊரைக் கேட்டே தேர்ந்தெடுக்கட்டும். பருவ அட்டவணையை அக்டோபர் 2, நவம்பர் 1 சபைகளுக்குப் பொருந்துமாறு மாற்றினால் மழைக்காலத்து ஊரையும் பார்த்துவிடலாம். படிக்கும் சாரம் மூன்று பக்கத்தைத் தாண்டக் கூடாது. ஊரார் பேசும் தமிழில் இருக்க வேண்டும். ஊராட்சிக்கு ஒரு பிரதி, ஊர்ப்புற நூலகத்துக்கு ஒரு பிரதி, துறைக்கு ஒரு பிரதி. அடுத்த ஆண்டு வரும் மாணவர் முந்தைய பிரதியைப் படித்துவிட்டே முதல் கேள்வியைக் கேட்கட்டும். மதிப்பெண்ணில் ஒரு பகுதி, சபையில் வந்த மறுப்புக்கு மாணவர் எழுதிய பதிலுக்கு இருக்க வேண்டும். அங்கேதான் அவர் எவ்வளவு கற்றார் என்பது தெரியும்.

இதற்குப் பெரிய நிதி வேண்டாம். பஸ் செலவும் ஜெராக்ஸ் செலவும்தான். ஆசிரியர்களின் நேரம் வேண்டும் என்பதை மறுக்கவில்லை. அந்த நேரத்தைப் பணிப்பளுவில் கணக்கிட நிர்வாகம் ஒப்ப வேண்டும், அதற்காக நீங்கள் போராடினால் ஊராட்சிப் பிரதிநிதிகளும் உங்களோடு நின்று பேசுவார்கள்.

அடுத்த பாடத்திட்டக் குழுக் கூட்டத்தின் பொருள்நிரலில் இதைச் சேர்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். ஒரு படிப்பில், ஒரே ஒரு தாளில் சோதனையாகத் தொடங்கினாலும் போதும். படிவங்களை நடத்திக் காட்டவும், ஊராட்சிகளோடு பேசி ஏற்பாடு செய்யவும் எங்களைப் போன்ற பயிற்றுநர்கள் எல்லா மாவட்டத்திலும் இருக்கிறோம். அழைத்தால் வருகிறோம்.

அன்புடன்,
ஊராட்சிப் பயிற்றுநர் ஒருவர்